கருவின் முதல் பங்கீடு: ‘வாழ்வின் நடனம்’ நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஸஹீஹுல் புகாரியில் ‘கிதாபுல் கத்ர்’ பாடம் தொடங்கும் நாளில், ஆண்டுதோறும் ஓரிடத்தில் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன். தாயின் கருவறையில் மனிதப் படைப்பு கடந்துவரும் கட்டங்களைக் கூறும் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்புக்கு விளக்கம் எழுதும் ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) அவர்கள், ‘ஃபத்ஹுல் பாரி’யில் பழைய மருத்துவர்களின் கருத்துவேறுபாடு ஒன்றையும் பதிவுசெய்கிறார்கள். சிசுவில் முதலில் உருக்கொள்ளும் உறுப்பு எது? இதயம் என்றோர் உண்டு. மூளை என்றோர் உண்டு. தொப்புள் என்றும் கல்லீரல் என்றும் கூறியவர்களும் உண்டு. ஹிஜ்ரி 852இல் மறைந்த ஓர் ஹதீஸ்கலை மேதை, தம் காலத்து மருத்துவ விவாதத்தை எவ்விதத் தயக்கமும் இன்றித் தம் நூலில் எடுத்தாள்வது நமக்கு ஒரு பாடமாகும்.

“ஹஜ்ரத், இன்றைய மருத்துவம் இவற்றுள் எதை முதலாவது என்கிறது?” என்று யாரேனும் ஒரு மாணவர் கேட்பார். “இதயம்” என்றே பல்லாண்டுகள் விடையளித்து வந்தேன். முதலில் இயங்கத் தொடங்கும் உறுப்பு இதயம் என்ற அளவில் அது பிழையன்று; கருத்தரித்த நான்காவது வாரத் தொடக்கத்தில் அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அதற்கு ஏறத்தாழ இரண்டரை வாரங்களுக்கு முன்பே, உறுப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத நிலையில், கரு தனக்குள் ஒரு பங்கீட்டை முடித்துவிடுகிறது. எந்தச் செல்கள் பிள்ளையாக வேண்டும், எந்தச் செல்கள் அப்பிள்ளையைத் தாயுடன் பிணைத்து ஊட்டும் நஞ்சுக்கொடியாக வேண்டும் என்பதே அப்பங்கீடு. இதனை எனக்குத் தெளிவாக உணர்த்தியது ஒரு நூல். அந்நூலின் சிறப்பையும், அது தடுமாறும் இடங்களையும், அது நம் போன்றோர் மீது சுமத்தும் ஒரு பொறுப்பையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் ஆசிரியரும்

‘வாழ்வின் நடனம்’ என்று பொருள்படும் தலைப்பில் 2020ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த இந்நூலை, கருவியல் அறிஞர் மக்தலேனா செர்னிக்கா கோட்ஸ் அவர்களும் அறிவியல் எழுத்தாளர் ரோஜர் ஹைஃபீல்டு அவர்களும் இணைந்து எழுதியுள்ளனர். போலந்து நாட்டின் வார்சாவில் பிறந்த இப்பெண்மணி, அங்கே அந்திரேய் தார்க்கோவ்ஸ்கி என்னும் பேராசிரியரிடம் பயின்றவர். 1995இல் கேம்பிரிட்ஜ் சென்று, பின்னர் அங்கேயே தமக்கென ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டார்.

தார்க்கோவ்ஸ்கியை அறியாமல் இந்நூலின் வாதத்தை எடைபோட இயலாது. 1959இல் அவர் செய்த சோதனை எளிமையானது. இரு செல்களாகப் பிரிந்திருந்த எலியின் கருவில் ஒரு செல்லை அழித்தார். எஞ்சிய ஒன்றைத் தாய் எலியின் கருப்பையில் வைத்தார். அதிலிருந்து அரை எலி பிறக்கவில்லை. முழு எலி பிறந்தது. 1961இல் அதற்கு மாறான சோதனையையும் செய்தார்: இரண்டு எலிக் கருக்களை ஒன்றாகச் சேர்த்தார், ஒரே எலி பிறந்தது. பாதியாகக் குறைத்தாலும் முழுமை, இரட்டிப்பாக்கினாலும் முழுமை. ஆகவே தொடக்கக் காலச் செல்கள் யாவும் ஒன்றுக்கொன்று சமமானவை, எதுவும் எதுவாகவும் ஆகலாம் என்னும் கொள்கை பாலூட்டிகளின் கருவியலில் வலுவாக ஊன்றியது. இக்கொள்கையை நிலைநாட்டிய ஆசிரியரின் மாணவியே அதனை வினவத் தொடங்கினார் என்பதுதான் இந்நூலின் கதை.

முதல் நாள்களில் நிகழ்வது என்ன?

நூலை மதிப்பிடுமுன் பொருளைச் சற்று விரிவாகக் காண்போம். எலியின் கருவே இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டது என்பதால் கீழே கூறுபவை பெரும்பாலும் அதைப் பற்றியவையே.

கருவுற்ற முட்டை இரண்டாகவும், நான்காகவும், எட்டாகவும் பிரிகிறது. இப்பிரிவுகளின்போது கருவின் மொத்த அளவு வளர்வதில்லை. ஒரே மாவுருண்டையைப் பகுத்துக்கொண்டே போவதுபோல் செல்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. எட்டுச் செல் நிலையின் தொடக்கத்தில் நுண்ணோக்கி வழியே பார்த்தால் எட்டு உருண்டைகளும் தனித்தனியே எண்ணக்கூடியவை. சில மணி நேரத்தில் அவை ஒன்றையொன்று நெருக்கி அணைத்து, எல்லைகளே கண்ணுக்குப் புலப்படாத ஒரே உருண்டையாகிவிடுகின்றன. இதனை ‘இறுக்கமடைதல்’ எனலாம். பாலூட்டிக் கரு தன் வடிவத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் முதல் நிகழ்வு இது.

இந்த இறுக்கம் எவ்வாறு வருகிறது? செல்களுக்கிடையே பசைபோல் செயற்படும் ‘ஈ-கேதெரின்’ என்னும் புரதமே காரணம் என நெடுங்காலம் விளக்கினர். பசை இன்றியமையாததுதான், ஆனால் இழுக்கும் விசை வேறோர் இடத்திலிருந்து வருகிறது. ஜான் லியோன் மேத்ர், தகாஷி ஹிராகி ஆகியோரின் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் தசையில் உள்ளதைப் போன்ற ஆக்டின், மையோசின் வலைப்பின்னல் ஏறத்தாழ 80 நொடிகளுக்கு ஒருமுறை சுருங்கி விரிவதைக் காட்டினர். செல்லின் வெளிப்புறத் தோல் இவ்வாறு இறுகும்போது, பக்கத்துச் செல்லோடு ஒட்டியுள்ள பரப்பு தானே அகலுகிறது. 2024இல் மேத்ரின் குழு, மருத்துவச் சிகிச்சைக்குப் பின் ஆய்வுக்கென வழங்கப்பட்ட மனிதக் கருக்களை அளந்து பார்த்தது. இறுக்கமடையும்போது வெளிப்பரப்பின் இழுவிசை ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்கிறது. செல்கள் ஒட்டியுள்ள பரப்பின் இழுவிசையோ மாறுவதில்லை.

இறுக்கமடைந்த கருவில் ஒவ்வொரு செல்லுக்கும் ஓர் வெளிமுகமும் ஓர் உள்முகமும் ஏற்படுகின்றன. அடுத்த பிரிவில் சில செல்கள் வெளிமுகம் முழுவதையும் ஒரு மகவுக்கே தந்துவிடுகின்றன. வெளிமுகம் பெறாத மகவின் மேற்பரப்பு அதிகமாகச் சுருங்கும் தன்மையுடையது. அவ்விழுவிசையால் அது உருண்டையின் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. உள்ளே சென்ற செல், தான் நாற்புறமும் சூழப்பட்டிருப்பதை உணர்கிறது. வெளியே நின்ற செல்லில் ‘யாப்’ என்னும் புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, நஞ்சுக்கொடியின் பாதையைத் திறக்கும் மரபணுக்களை எழுப்புகிறது. உள்ளே சென்ற செல்லில் அப்புரதம் உட்கருவின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறது. அச்செல் பிள்ளையாகும் பாதையில் நிலைக்கிறது.

அதன்பின் வெளிச்செல்கள் நீரை உள்ளே இறைக்கின்றன. 2019இல் மேத்ரின் குழு வெளியிட்ட மற்றோர் ஆய்வு கூறுவது வியப்பானது. அந்நீர் முதலில் செல்களின் ஒட்டுப் பரப்புகளை அழுத்தத்தால் பிளந்து நூற்றுக்கணக்கான நுண்குமிழ்களாகத் தோன்றுகிறது. பிறகு, சோப்பு நுரையில் சிறு குமிழ்கள் பெருங்குமிழில் கலப்பதைப்போல, அவை யாவும் ஒரே அறையில் போய்ச் சேர்கின்றன. அவ்வறை உருவாகும் பக்கம், செல் திரள் ஒதுங்கும் பக்கம் என்று கருவுக்கு முதன்முதலாக ஒரு திசை கிடைக்கிறது. இதுவே ‘கருக்கோளம்’. எலியில் இது நான்காம் நாளிலும் மனிதரில் ஐந்து, ஆறாம் நாள்களிலும் அமைகிறது.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘இழுவிசை, நீரழுத்தம், குமிழ்களின் போட்டி’ என்னும் இந்த விசையியல் விளக்கம்தான் செல்கள் கருவை எவ்வாறு உருவாக்குகின்றன என்ற கேள்விக்குக் கிடைத்துள்ள மிகத் தெளிவான விடை. நூலின் மையமோ மரபணுக்களின் ஏற்றத்தாழ்வும் செல்களின் மரபுவழியும் பற்றியது. ‘நடனம்’ என்று பெயர் சூட்டிய நூலில், கால்களை நகர்த்தும் விசையைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம்.

சமமா, சமமின்மையா?

நூலின் வாதம் இதுதான்: இரண்டு செல், நான்கு செல் நிலைகளிலேயே செல்கள் முற்றிலும் சமமானவை அல்ல. எது எதுவாகும் என்பதில் ஒரு சாய்வு அப்போதே தோன்றிவிடுகிறது. 2001இல் செர்னிக்கா கோட்ஸின் குழு, இரு செல்களுக்கும் தனித்தனிச் சாயமிட்டு, இயல்பான வளர்ச்சியில் அவற்றின் வழித்தோன்றல்கள் கருக்கோளத்தின் வெவ்வேறு பகுதிகளில் மிகுதியாக இடம்பெறுவதை அறிவித்தது. மூத்த அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. 2004இல் ஹிராகியும் தாவோர் சோல்ட்டரும், முதற்பிரிவின் தளம் முட்டையில் முன்கூட்டியே குறிக்கப்பட்டதன்று என்று காட்டி மறுத்தனர். பின்னர் 2007இல், நான்கு செல்களில் மரபிழையைச் சுற்றியுள்ள புரதங்களின் வேதிக்குறிகள் செல்லுக்குச் செல் வேறுபடுவதை இவரது குழு எடுத்துக்காட்டியது. 2016இல் ‘சாக்ஸ்21’ என்னும் மரபணுவின் செயற்பாடும் அவ்வாறே வேறுபடுவதைக் காட்டியது.

இந்த விவாதத்தை நூல் விறுவிறுப்பாகச் சொல்கிறது. ஆனால் எதிர்த்தரப்பாரின் வாதங்களை, ஆசிரியர் கடந்துவந்த தடைகளாகக் காட்டும் அளவுக்கு, அவற்றின் வலிமையோடு எடுத்துவைப்பதில்லை. நம் மத்ரஸாக்களில் ‘முனாளரா’ பயிற்றுவிக்கும்போது முதலில் கற்பிப்பது, எதிர்த்தரப்பின் கூற்றை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும் என்பதாகும். சுயசரிதையும் ஆய்வுவாதமும் ஒன்றாகக் கலந்த நூலில் இந்த ஒழுங்கு தளர்ந்துவிடுவது இயல்பே. எனினும் அது குறையே.

நூல் வெளிவந்தபின் நடந்தவற்றையும் சேர்த்தே தீர்ப்பளிக்க வேண்டும். வளர்ந்த மனிதரின் உடற்செல்களில் தேங்கியுள்ள மரபணு மாற்றங்களைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்ற ஆய்வுகள் 2017இலும் 2021இலும் வெளிவந்தன. முதலிரு செல்களும் நம் உடலுக்குச் சமபங்கு அளிக்கவில்லை என்பதை அவை காட்டின. 2024இல் செர்னிக்கா கோட்ஸின் குழு, மனிதக் கருவின் இரு செல்களையும் குறியிட்டுத் தொடர்ந்து பார்த்து, பிள்ளையாக வளரும் பகுதி பெரும்பாலும் அவ்விரண்டில் ஒன்றின் வழியிலிருந்தே வருகிறது என்று அறிவித்தது. அவ்வகையில் ஆசிரியரின் உள்ளுணர்வு வலுப்பெற்றுள்ளது.

ஆனால் அதே ஆய்வு கூறும் காரணத்தைக் கவனியுங்கள். எட்டிலிருந்து பதினாறாகும் பிரிவில் உள்ளே செல்லும் செல்கள் மிகச் சில. முதலிரு செல்களில் எது முந்திப் பிரிகிறதோ, அதன் வழித்தோன்றல்களுக்கே அச்சிறு வாசலில் முதலில் நுழையும் வாய்ப்பு மிகுதி. ஆக, சமமின்மை பெருமளவு முந்துதலாலும் வாசலின் குறுக்கத்தாலும் விளைகிறது. ஒரு செல்லின் நெற்றியில் ‘நீ பிள்ளை’ என்றும் மற்றதன் நெற்றியில் ‘நீ நஞ்சுக்கொடி’ என்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. தார்க்கோவ்ஸ்கியின் எலியும் பொய்யாகிவிடவில்லை. சாய்வு உண்மை, முடிந்த முடிவு என்பது உண்மையன்று. ஆசிரியரும் அவருடைய ஆசிரியரும் ஒருசேர நிற்க இடமுண்டு. நூல் இதனை ஆங்காங்கே சொல்லவும் செய்கிறது. ஆனால் கதையின் வேகத்தில் அது அமுங்கிவிடுகிறது.

சொற்களும் உவமைகளும்

மொழியாசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்தியது சொல்லாட்சியாகும். ஆங்கிலக் கருவியலார், ஒரு செல் என்னவாகப் போகிறது என்பதைக் குறிக்க ‘விதி’ என்று பொருள்படும் சொல்லையே வழங்குகின்றனர். செல் ‘முடிவெடுக்கிறது’, ‘தேர்ந்துகொள்கிறது’ என்றும் எழுதுகின்றனர். முன்கூட்டியே எழுதப்பட்ட விதியும் தானே எடுக்கும் முடிவும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும்போது வாசகர் எதைப் பற்றிக்கொள்வார்? இந்நூலும் இத்தடுமாற்றத்திலிருந்து தப்பவில்லை.

அரபு அறிவியல் எழுத்தில் இதே கருத்துக்கு ‘மஸீர்’ என்ற சொல் வழங்குகிறது. ‘ஸார’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு ‘ஆகுதல், சென்றடையும் இடம்’ என்று பொருள். அங்கே ‘கத்ர்’ என்ற சொல்லை யாரும் ஆள்வதில்லை. தமிழில் எழுதுவோரும் ‘செல்லின் விதி’ என்று பெயர்த்து அகீதாவின் சிக்கல்களை நுண்ணோக்கியின் கீழ் இழுத்துவராமல், ‘ஆகுநிலை’ என்பதுபோல் ஒரு சொல்லை வழங்கலாம்.

‘நடனம்’ என்ற உவமையும் முழுமையாகப் பொருந்தவில்லை. நடனத்தில் ஆடுவோர் அடவுகளை முன்பே பயின்றிருப்பர். இங்கே எச்செல்லும் எதையும் பயின்றதில்லை. தன் இடம் எது என்பதை வைத்தே தன் நிலையை அடைகிறது. நஹ்வு படித்தோருக்கு இது அன்னியமன்று. ‘ஸைத்’ என்ற பெயர் வாக்கியத்தில் எழுவாயாக நின்றால் ‘ஸைதுன்’. செயப்படுபொருளாக நின்றால் ‘ஸைதன்’. சொல் ஒன்றே; இறுதி எழுத்தின் குறியை முடிவுசெய்வது அது நிற்கும் இடம். தொடக்கக் காலச் செல்லும் இடத்திற்கேற்ப ஈறு மாறும் ‘முஃரப்’ ஆக இருக்கிறது. நாள்கள் செல்லச்செல்ல ஈறு மாறாத ‘மப்னி’ ஆகிவிடுகிறது. ஆயினும் இந்த ஒப்புமைக்கும் எல்லை உண்டு. வாக்கியத்தில் சொல்லைக் கொண்டுபோய் வைப்பவன் பேசுவோன். கருவிலோ செல், தன் மேற்பரப்பின் இழுவிசையால் தானே இடம்பெயர்கிறது, பெயர்ந்த இடத்தால் தானும் மாறுகிறது.

‘தானே’ என்ற சொல்லைக் கண்டு நம்மவர் சிலர் கலங்கலாம். 1891இல் ஹான்ஸ் திரீஷ் என்னும் ஜெர்மானியர், கடல் முள்ளெலியின் இரு செல் கருவைக் குலுக்கிப் பிரித்தபோது ஒவ்வொரு பாதியும் சிறியதொரு முழு உயிராக வளர்ந்தது. இயந்திரம் பாதியானால் முழுமையாக இயங்காது. ஆகவே உயிருக்குள் இயற்பியலுக்கு அப்பாற்பட்ட ஒரு தனி ஆற்றல் இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டி, அரிஸ்டாட்டிலின் ‘எந்தெலெக்கி’ என்ற சொல்லை அதற்குச் சூட்டினார். இதே கருத்தைத்தான் இப்னு ஸீனா ‘கமால்’ என்ற அரபுச் சொல்லால் எடுத்தாண்டு, ஆன்மாவை இயற்கை உடலின் ‘முதல் நிறைவு’ என வரையறுத்தார். இப்னு ஸீனாவின் ‘கமால்’ அறியாமையின் இடைவெளியை அடைக்க வந்த ஆற்றலன்று. திரீஷின் ஆற்றலோ அறிவு நிரம்பியதும் இடமிழந்தது. பஞ்சை நெருப்பு எரித்தது என்று சொல்வதால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கொள்கைக்கு எப்படி ஊறு நேராதோ, அப்படியே செல்கள் கருவை உருவாக்கின என்று சொல்வதாலும் நேராது. காரணங்களை விரிவாக அறிவது, காரணங்களின் அதிபதியை மறுப்பதாகாது.

இங்கே எதிர்த்திசையிலுள்ள ஒரு சோதனையையும் குறிப்பிட வேண்டும். முதலில் உருவாவது கல்லீரல் என்றோரும் தொப்புள் என்றோரும், சிசுவுக்கு முதல் தேவை ஊட்டம் என்பதையே சான்றாகக் கொண்டனர். கருவின் முதற்பங்கீட்டில் ஊட்டும் பகுதியே முதலில் தனித்துறுகிறது என்று இன்று அறிகிறோம். இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ‘முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்’ என்று ஒரு கட்டுரையை எளிதில் எழுதிவிடலாம். 1980களில் கீத் மூர் அவர்களின் கருவியல் பாடநூல் ‘இஸ்லாமியச் சேர்க்கைகளுடன்’ வெளிவந்தது முதல் இத்தகைய எழுத்து நம்மிடையே பெருகிவிட்டது. அது நேர்மையான வழியன்று. அவர்கள் தேடியது உறுப்பை; அவர்களிடம் செல் என்ற கருத்தே இருக்கவில்லை. அவர்களுடைய சிறப்பு, அன்றிருந்த சிறந்த மருத்துவத்தைக் கேட்டு எழுதினார்கள் என்பதில் உள்ளது. அதைப் பின்பற்றுவதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.

நூலின் சிறந்த பகுதி

நூலின் உயிர்நாடியான பகுதிக்கு வருகிறேன். ஆசிரியர் தம் 44ஆம் வயதில் கருவுற்றிருந்தபோது, நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த மாதிரியில் ஏறத்தாழ கால்பங்கு செல்கள் குரோமோசோம் பிழையுடன் இருப்பதாக அறிக்கை வந்தது. செல்களையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் அச்சத்தில் உறைந்தார். பின்னர் செய்த பரிசோதனையில் குறையேதும் தென்படவில்லை. மகன் நலமாகப் பிறந்தான்.

அவ்வச்சத்தை அவர் ஆய்வாக மாற்றினார். இயல்பான செல்களையும் குரோமோசோம் பிழையுள்ள செல்களையும் கலந்து எலிக் கருக்களை உருவாக்கித் தொடர்ந்து பார்த்தது இவரது குழு. 2016இல் வெளியான முடிவு இது: பிள்ளையாகும் பகுதியில் பிழையுள்ள செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன, அவ்விடத்தை நல்ல செல்கள் நிரப்புகின்றன. நஞ்சுக்கொடியாகும் பகுதியிலோ பிழையுள்ள செல்கள் சாவதில்லை. மந்தமாகப் பெருகியபடி தங்கிவிடுகின்றன. பாதிக்குப் பாதி கலந்த கருக்கள் இயல்பாக வளர்ந்தன; பிழையுள்ளவை முக்கால் பங்கானபோது வெற்றி குறைந்தது. எனவே நஞ்சுக்கொடியில் காணும் பிழை பிள்ளையிலும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. முதற்பங்கீட்டிலேயே இரண்டும் வெவ்வேறு வழியில் சென்றுவிட்டன.

இதற்குரிய வரம்புகளையும் கூற வேண்டும். சோதனை எலியில் நடந்தது. பிழைகள் ஒரு மருந்தினால் உண்டாக்கப்பட்டவை. மருத்துவ உண்மையும் புதியதன்று. நஞ்சுக்கொடியோடு நின்றுவிடும் குரோமோசோம் பிழை 1983இலேயே விவரிக்கப்பட்டது. இத்தகைய மாதிரிகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டில் இக்கலப்பு தென்படுகிறது. எல்லாக் கலப்பும் தீங்கற்றது என்றும் கொள்ளலாகாது. ஆனால் 2015இல் இத்தாலிய மருத்துவர்கள், கலப்புப் பிழையுள்ளவை என்று கண்டறியப்பட்ட 18 கருக்கோளங்களை வேறு வழியற்ற 18 பெண்களுக்கு வைத்ததில் 6 நலமான குழந்தைகள் பிறந்ததை அறிவித்தனர். ஒதுக்கித் தள்ளியிருக்கக்கூடிய கருக்கள் அவை.

இப்பகுதியைப் படித்த இரவு எனக்கு ஒரு பழைய நிகழ்வு நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, அஸருக்குப் பின் ஓர் இளம் கணவனும் மனைவியும் எங்கள் கல்லூரிக்கு வந்தனர். கையில் ஒரு மருத்துவ அறிக்கை. “ஹஜ்ரத், பிள்ளைக்குக் குரோமோசோம் குறையாம். ஷரீஅத்துல எத்தனை நாளைக்குள்ள முடிவு பண்ணணும்?” என்று கேட்டார் அவர். “தம்பி, எத்தனை வாரம் ஆகுது?” என்றேன். பன்னிரண்டு என்றார். 120 நாள் பற்றிய சட்ட அறிஞர்களின் நிலைப்பாடுகளையும், விந்து கருப்பையில் சென்று கலந்த நிலையிலேயே அதனைச் சிதைப்பது குற்றம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் கூறியிருப்பதையும், கடுமையான குறைபாடு நம்பகமான மருத்துவக் குழுவால் உறுதியானால் 120 நாளுக்கு முன் இடமுண்டு என 1990இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹ் பேரவை அளித்த தீர்மானத்தையும் எடுத்துச் சொன்னேன். நூல்களில் உள்ளதைப் பிழையின்றியே சொன்னேன். அவர்கள் நன்றி கூறிச் சென்றனர். அப்பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் கேட்காத கேள்விகள் இரண்டு. அந்த மாதிரி பிள்ளையிலிருந்து எடுக்கப்பட்டதா, நஞ்சுக்கொடியிலிருந்தா? பிழை எல்லாச் செல்களிலுமா, சிலவற்றில் மட்டுமா? பன்னிரண்டாம் வாரத்து மாதிரி பொதுவாக நஞ்சுக்கொடியிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. பதினைந்து வாரம் நிறைந்தபின் பனிக்குட நீரைச் சோதித்தால் பிள்ளையின் செல்களையே பார்க்க முடியும். மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல்நாளிலிருந்து எண்ணுகின்றனர். நம் நூல்களின் 120 நாளோ கருத்தரிப்பிலிருந்து எண்ணப்படுவது. இரண்டுக்கும் இடையே இரண்டு வாரம். மருத்துவக் கணக்கில் 120 நாள் என்பது ஏறத்தாழ 19 வாரம். ஆக, மறுசோதனை செய்து அறிவதற்கு ஷரீஅத் தந்த அவகாசம் அவர்கள் கையிலேயே இருந்தது. அதனை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவன் நான். அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை நான் அறியேன்.

‘ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அப்பொருளை மனத்தில் சரியாகக் கொள்வதன் கிளையே’ என்பது உஸூலார் நமக்குக் கற்பித்த விதி. அவ்விதியை நானும் மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். கருவைப் பற்றிய என் மனக்கருத்தோ, இதயம் முதலா மூளை முதலா என்ற நிலையிலேயே நின்றிருந்தது.

முடிவாக

நூலின் இறுதிப் பகுதிகள், கருவைக் கருப்பைக்கு வெளியே நீண்ட நாள் வளர்ப்பதையும் தண்டுச்செல்களிலிருந்து கருவையொத்த அமைப்புகளை உருவாக்குவதையும் பற்றியவை. 2016இல் மனிதக் கரு 13 நாள் வரை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டது. நூல் வெளிவந்தபின், 2022இல், துடிக்கும் இதயமும் மூளையின் தொடக்கமும் கொண்ட எலிக் கரு மாதிரியைச் செர்னிக்கா கோட்ஸின் குழு உருவாக்கியது. 2023இல் மனிதக் கரு மாதிரிகளும் அறிவிக்கப்பட்டன. பிரிட்டனில் 1984இன் வார்னாக் குழு பரிந்துரைத்த 14 நாள் வரம்பை அனைத்துலகத் தண்டுச்செல் ஆய்வுச் சங்கம் 2021இல் தன் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. விந்தும் முட்டையும் கலவாமல் உருவான ஒன்றுக்குக் கருவின் கண்ணியம் உண்டா? ஆர்வத்தோடு எழுதும் ஆசிரியர் இக்கேள்வியைத் தொட்டுச் செல்கிறார், தங்கிப் பேசவில்லை. நம் ஃபிக்ஹ் பேரவைகள் தங்கிப் பேச வேண்டிய கேள்வி இது.

எதிர்த்தரப்பிடம் சற்றே நீதி தவறியும், சொற்களில் தடுமாறியும் இருப்பினும், இது படிக்க வேண்டிய நூல். அரபுக் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்களுக்கு, கருவின் முதல் பதினான்கு நாள்களைப் பற்றி ஒரு மருத்துவரைக் கொண்டு இரண்டு வகுப்புகளேனும் நடத்தச் செய்வது, இந்நூலுக்கு நாம் செய்யும் தக்க மதிப்பீடாக அமையும். ஃபத்ஹுல் பாரியின் அதே பக்கம் வரும்போது மாணவர்கள் வழக்கம்போல் கேட்கிறார்கள். இதயம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு நான் இப்போது போவதில்லை. நஞ்சுக்கொடியும் பிள்ளையும் எப்போது, எப்படிப் பிரிந்தன என்பதிலிருந்து தொடங்குகிறேன். நாளை அவர்களிடமும் ஒருவர் கையில் அறிக்கையோடு வரக்கூடும்.

வல்லாஹு அஃலம்.